இரண்டாவது காகிதம்

நம் வீடுகளில் தாழ்ந்த குரலில் பேசி மூடிவிடும் ஒரு விஷயத்தை உங்கள் முன் வைக்கிறேன். நான் கல்லூரியில் வரலாறு பயின்றவள். மதரஸாவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவள். மருத்துவம் எனக்குத் தூரம். என் தமக்கையின் மகள் நீட்டிய ஒரு காகிதமே என்னைப் படிக்க வைத்தது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, தக்கலையிலுள்ள இரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். விலக்கு நாள் தப்பி ஒரு வாரம். இலேசாக உதிரம் பட்டிருந்தது. காகிதத்தில் 'பீட்டா எச்.சி.ஜி. 412' என்றிருந்தது. "சாச்சி, இது கூடுதலா, குறைவா?" என்றாள். பதில் தெரியாத நான் கேட்டது, "மாடிப்படி ஏறி இறங்கினாயா மோளே?" என்பதுதான்.

கேட்ட மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். 2004-இல் என் இரண்டாவது கரு ஆறாம் வாரத்தில் கலைந்தபோது, "தினமும் நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போனால் எப்படித் தங்கும்?" என்று என் மாமி கேட்டார். அந்தக் கேள்வியை இருபது ஆண்டுகள் சுமந்தவள் நான். அதையே அவளிடம் இறக்கி வைக்கப் பார்த்தேன்!

மறுநாள் நாகர்கோவிலில் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் அவளுடன் சென்றேன். அந்த அம்மையார் பொறுமையாக விளக்கினார். கரு கருப்பையில் பதிந்ததும், பின்னாளில் நஞ்சுக்கொடியாக வளரவிருக்கும் உயிரணுக்கள் இந்த ஹார்மோனைச் சுரக்கின்றன. தாயின் சினைப்பைக்கு அது அனுப்பும் செய்தி ஒன்றே: புரொஜெஸ்டிரோன் சுரப்பதை நிறுத்தாதே, விலக்கு வர விடாதே. ஐந்தாம் வாரத்தில் இதன் அளவு 18-ஆகவும் இருக்கலாம், 7,000-ஐத் தாண்டியும் இருக்கலாம். ஆகவே 412 என்ற தனி எண்ணை வைத்து மகிழவும் முடியாது, அழவும் முடியாது. 48 மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவது எண்தான் பேசும். முதல் அளவு 1,500-க்குக் கீழே இருந்தால், அந்த இரண்டு நாட்களில் குறைந்தது 49 சதவீதமாவது ஏற வேண்டும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் இரட்டிப்பாகும். எட்டு முதல் பதினொன்றாம் வாரத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு தானே இறங்கும். நான்காம் மாதத்தில் எண் குறைந்ததென்று எவரும் பதற வேண்டியதில்லை.

இரண்டாவது காகிதத்தில் 430 என்றிருந்தது.

இப்படி ஏறாமல் நின்றால், கரு கலைந்துகொண்டிருக்கலாம். அல்லது கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம். பின்னது உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில் ஒருபக்கமாக வலியோ, தோள்பட்டையில் வலியோ, மயக்கமோ கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவே மருத்துவமனைக்கு ஓடிவர வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். நல்லவேளையாக அப்படி நேரவில்லை. மூன்றாம் எண் 190. கரு தானாகவே கலைந்தது.

"நான் என்ன செய்தேன் டாக்டர்?" என்று கேட்டாள். ஆரம்பகாலக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம்களில் நேரும் பிழை என்றார் அவர். மாடிப்படியும் பஸ்ஸும் பழுத்த பப்பாளித் துண்டும் அந்தப் பிழையை உண்டாக்குவதில்லை. அறியப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இவ்வாறு முடிகின்றனவாம். அவள் பக்கத்தில் அமர்ந்து நான்தான் அதிகம் அழுதேன்.

நம் பாட்டிமார் காலத்தில் இதற்கு 'நாள் தள்ளி வந்தது' என்று பெயர். 1928-இல் பெர்லினில் ஆஷ்ஹைம், சோண்டெக் என்னும் இருவர், கர்ப்பிணியின் சிறுநீரைச் சுண்டெலிக் குஞ்சுகளுக்கு ஊசியேற்றிச் சில நாள் கழித்து அவற்றின் சினைப்பையைப் பார்த்துக் கர்ப்பத்தை உறுதிசெய்யும் முறையை வெளியிட்டார்கள். 1972-இல் அமெரிக்காவில் ஜூடித் வைடுகைட்டிஸ் குழுவினர் இந்த ஹார்மோனை மட்டும் பிரித்து இரத்தத்தில் அளக்க வழி கண்டார்கள். வரவு முன்கூட்டியே தெரிந்தது. இழப்பும் கூடவே தெரிந்தது.

வீடு திரும்பியதும் அவள் தொழுகையைப் பற்றிக் கேட்டாள். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின்படி, வெளியானது கருவின் தொடக்கக் கட்டிதான் என்று அறிந்தவர்கள் சொன்னால், பின்வரும் உதிரம் நிஃபாஸ். ஹனஃபி மத்ஹபில் உறுப்பு ஏதேனும் உருப்பெற்றிருக்க வேண்டும். எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குரிய சொல்லையே இவளுக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் உறைத்தது. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் ஓய்வு தரும் நாம், இவளை மறுநாளே அடுப்படிக்கு அனுப்புகிறோம். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம்கூட, வேலைக்குச் செல்லும் பெண்ணுக்குக் கருச்சிதைவுக்குப்பின் ஆறு வாரச் சம்பள விடுப்பு தந்தது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து ஒரு சுப்ஹுக்குப்பின் தொலைபேசியில் அழைத்தாள். வீட்டிலேயே சோதனை அட்டையில் பார்த்தாளாம். மங்கலாக இரண்டாவது கோடு தெரிகிறதாம். "சாச்சி, ஒருவேளை..." என்றாள். கரு போனபின்னும் ஹார்மோன் இரத்தத்திலிருந்து முற்றிலும் வடியச் சில வாரங்கள் ஆகும், அட்டை அதையும் காட்டும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதைச் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மறுமுனையில் அவளும் நெடுநேரம் பேசவில்லை. மதரஸாவுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் அவள் வீட்டுக்குப் புறப்பட்டேன்.