ஆத்துல எவ்ளோ தண்ணி

அடையாறு எங்கள் வீட்டுக்குள் வாசல் வழியாக வரவில்லை. பாத்ரூம் வழியாக வந்தது.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. இரவு பதினொன்றரை இருக்கும். கரண்ட் சாயங்காலமே போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே யாரோ வாய் கொப்பளிப்பது போலச் சத்தம் கேட்டது. அம்மா எழுந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக் கட்டிலைப் பார்த்தால் அவள் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கிறாள். போய்ப் பார்த்தேன். சாக்கடை ஓட்டையின் சல்லடை மூடி ஓரமாகப் புரண்டு கிடந்தது. கறுப்புத் தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டு மேலே வந்தது.

எனக்கு உடனே அவள் சொன்னது ஞாபகம் வந்தது. எனக்குக் கைவேலை செய்துகொடுக்க வருகிறவள். ஹெம்மிங், கொக்கி, ஃபால்ஸ் எல்லாம் அவள் கைதான். தீபாவளி முடிந்து நவம்பர் நடுவில் ஒரு தடவை ஆறு கரையைத் தொட்டுவிட்டுப் போனபோது, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "ஆறு வாசல் வழியா வராதுக்கா. பாத்ரூம்லதான் மொதல்ல எட்டிப் பாக்கும். அப்ப எதையும் எடுக்கக் கூடாது, ஆளுங்க மட்டும் கெளம்பிடணும்." நான் சிரித்துவிட்டு அடுத்த துணியை எடுத்துப் போட்டேன்.

அவள் சொன்னதில் இருந்த கணக்கு பிறகுதான் எனக்குப் புரிந்தது. தெருவின் மழைநீர் எல்லாம் வடிகால் வழியாக ஆற்றில் விழ வேண்டும். ஆறு வடிகால் வாயைவிட உயர்ந்துவிட்டால் அதே குழாய் வழியாகத் தண்ணீர் எதிர்த்து வரும். கரை உடைவதற்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிடும். ஆற்றோரத்தில் இருபது வருஷம் குடியிருந்தவளுக்கு இது மனப்பாடம். அதே ஆற்றுக்கு நானூறு அடி தள்ளி நாற்பத்தாறு வருஷம் வாழ்ந்த எனக்குத் தெரியவில்லை.

சைதாப்பேட்டையை யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசினால் சண்டைக்கு நிற்பவள் நான். காரணீஸ்வரர் கோயில் குளத்துப் படியில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன். கார்மேகத்தை அணிந்த ஈசன், அதனால்தான் இந்தப் பெயர், மழை கேட்டு நாம் வேறு சாமியிடம் போக வேண்டாம் என்பாள் அம்மா. பஜார் ரோட்டில் எந்தக் கடையில் பித்தளைக் கொக்கி துருப்பிடிக்காது, எந்தக் கடையில் லைனிங் துணி சாயம் போகாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கடன் சொல்லி நூல்கண்டு வாங்க எனக்கு இந்த ஊரில் ஐந்து கடை உண்டு. எங்கள் ஊர்ப் பாலத்துக்கே ஒரு கதை உண்டு. 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தன் பணத்தைப் போட்டு இந்த ஆற்றின் மேல் முதல் பாலத்தைக் கட்டினார். பழைய பாலம் போய் இன்று மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. உஸ்கான் பாலத்தின் கல்வெட்டு மட்டும் சாலையோரத்தில் மிச்சம் இருந்தது. ஆயிரம் தடவை அதைக் கடந்து போனதில் பத்துத் தடவையாவது நின்று பார்த்திருப்பேன்.

ஆனால் ஆற்றைப் பார்த்ததில்லை. பாலத்தில் பஸ் ஏறினால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். என் ஊர்ப் பாசத்தில் கோயில் இருந்தது, கடைத்தெரு இருந்தது, பாலம்கூட இருந்தது. பாலத்துக்கு அடியில் ஓடுகிறதும், அதன் கரையில் தகரமும் தார்ப்பாயும் போட்டு வாழ்கிறவர்களும் அதில் இல்லை. அவள் என் வீட்டுக்குப் பத்து வருஷமாக வந்துகொண்டிருந்தாள். வாசல் நடையில் உட்கார்ந்துதான் வேலை செய்வாள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு, நான் அம்மாவை எழுப்பி உட்கார வைப்பதற்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. எழுபத்தெட்டு வயது, மூட்டு வலி, ஓரடி வைக்க ஒரு நிமிஷம் வேண்டும். அலமாரிக்குக் கீழே இருந்த துணி மூட்டைகளைத் தூக்கி மேஜை மேல் போடுகிறேன். எடுக்கக் கூடாது என்று அவள் சொன்னதை மறந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். கதவை யாரோ காலால் உதைத்தார்கள்.

"அக்கா, கதவத் தொற! இன்னா இன்னும் உள்ளயே கீற? கரையத் தாண்டிடுச்சு. ஆயாவத் தூக்கினு மேல போலாம், வா!"

அவளும் அவள் பையனும். பிளஸ் டூ படிக்கிற பையன், மெலிந்த உடம்பு. பள்ளிப் பையைத் தலையில் வைத்துத் துண்டால் கட்டியிருந்தான். அவர்கள் வீடு அப்போதே போய்விட்டது என்பது எனக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. பையை என் கையில் கொடுத்துவிட்டு அவன் என் அம்மாவின் முன்னால் குனிந்தான். "ஆயா, கழுத்தக் கெட்டியா புட்ச்சுக்கோ." அம்மாவைத் தெருவில் பார்த்தால் ஒதுங்கி நிற்கிற பையன். அம்மா இரண்டு கையாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தெருவில் இறங்கியபோது தண்ணீர் இடுப்புக்கு வந்தது, இழுப்பு இருந்தது. வீட்டுக்காரர் மாடிக்குப் போகும் படி பக்கவாட்டில்தான், இருபதடி இருக்கும். அந்த இருபதடியில் என் செருப்பு போயிற்று, கையிலிருந்த பீரோ சாவி போயிற்று. பையை மட்டும் விடவில்லை.

மாடியில் பதினான்கு பேர். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. இரவு முழுக்க மழை விடவில்லை. கீழே இருட்டில் என்ன நடக்கிறதென்று காதால்தான் தெரிந்துகொண்டோம். சிலிண்டர் சுவரில் மோதுகிற சத்தம், எங்கோ ஒரு மாடு. இரண்டு மணி வாக்கில் கண்ணாடி உடைந்த சத்தம் என் வீட்டிலிருந்துதான் வந்தது. வாடிக்கைக்காரர்கள் ஜாக்கெட் போட்டுப் பார்க்க நான் சுவரில் மாட்டியிருந்த நிலைக்கண்ணாடி. அப்போதுதான் அழுதேன். அவள் என் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் பேசவில்லை.

விடிந்ததும் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தெரு இல்லை. என் வீட்டு ஜன்னலின் மேல்கட்டை மட்டும் தெரிகிறது. பழுப்பு நிறத்தில் அடையாறு, நான் மூக்கைப் பொத்திய அந்தச் சின்னச் சாக்கடை, கடல் மாதிரி அகலமாக, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜ் ஒன்று மல்லாந்து மிதந்து போயிற்று. வானத்தில் விமானச் சத்தமே இல்லை. மீனம்பாக்கத்தில் ஓடுதளமே தண்ணீரில் என்றும், பாலத்தை மூடிவிட்டார்கள், கிண்டிப் பக்கம் தனி, இந்தப் பக்கம் தனி என்றும் யாரோ கத்திச் சொன்னார்கள். போன் எதுவும் வேலை செய்யவில்லை.

நவம்பர் ஒரே மாதத்தில் நகரத்தில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்திருந்தது. ஒரு வருஷத்துக்கே நமக்குச் சராசரி 140-தான். அதற்கு மேல் அந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகள் எல்லாம் நிரம்பி வழிந்தது ஒருபுறம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட 29,000 கன அடி மறுபுறம். விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். இந்தக் கணக்கெல்லாம் பிறகு பத்திரிகைகளில் படித்தது. அன்று எங்களுக்கு இருந்த ஒரே கணக்கு அவளுடையதுதான். மாடிச் சுவரில் எட்டிப் பார்த்து, "இன்னும் ஏறுது", "நின்னுடுச்சு", "எறங்க ஆரம்பிச்சிடுச்சுக்கா" என்று மணிக்கொரு தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரில் பாலத்துத் தூண் ஒன்று தெரியும் அளவுக்குச் சந்து. அதில் பழைய வெள்ளத்தின் கறை ஒரு கோடாகப் படிந்திருக்குமாம். அந்தக் கோட்டை வைத்துத்தான் கரைக்காரர்கள் எல்லோரும் பார்ப்பார்களாம். அன்று கோடு தண்ணீருக்குள் போயிருந்தது.

இரண்டு நாள் அந்த அறையில் இருந்தோம். வீட்டுக்கார அம்மாள் ஒரே அண்டாவில் கஞ்சி காய்ச்சினார். தட்டு போதவில்லை, நானும் அவளும் ஒரே தட்டில் குடித்தோம். மூன்றாம் நாள் காசிமேட்டிலிருந்து லாரியில் ஏற்றி வந்த ஃபைபர் படகு ஒன்று தெருமுனைக்கு வந்தது. பிரெட்டும் பால் பாக்கெட்டும் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனார்கள். பக்கத்துத் தெருப் பள்ளிவாசலைத் திறந்துவிட்டிருந்தார்கள். அங்கிருந்து மதியச் சாப்பாடு வந்தது. இந்த ஊரைப் பற்றி நான் பேசிய பெருமையெல்லாம் குறைவு என்று அன்றைக்குத் தெரிந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. மிஷினின் சக்கரம் சேற்றில் புதைந்து நின்றது. மர பீரோ உப்பிக் கதவு திறக்கவில்லை. அப்பாவின் போட்டோவில் முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதைவிட எனக்குப் பயம், கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் தைக்கக் கொடுத்திருந்த அறுபத்து மூன்று துணிகள். பாதி பட்டு. தையல்காரிக்குத் துணி என்பது பேங்க்கில் போட்ட அடுத்தவர் பணம் மாதிரி. அவளும் நானும் நாலு நாள் மொட்டை மாடியில் அலசி அலசிக் காயப்போட்டோம். துணிகளோடு அளவு ஜாக்கெட்டுகளும் இருந்தன. எது யாருடையது என்ற சீட்டெல்லாம் கரைந்துவிட்டது. அவள்தான் கழுத்தின் வளைவையும் கை நீளத்தையும் பார்த்து, இது போஸ்ட் ஆபீஸ் அக்காது, இது பூக்காரம்மாது என்று பிரித்தாள். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர்கூடப் பணம் கேட்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டு நாசமாகிக் கிடந்ததைப் பார்த்த ஒரு அம்மாள், அதைச் சுருட்டிக் கூடையில் வைத்துக்கொண்டு, "ஆயா நல்லா இருக்காங்களா?" என்றுதான் கேட்டார்.

என் கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கரையில் இருந்தவர்களுக்கு டோக்கன் கொடுத்தார்கள். ஆற்றோரம் ஆபத்து, வெள்ளத்திலிருந்து காப்பாற்றத்தான் இடம் மாற்றுகிறோம் என்றார்கள். அவளுக்குக் கிடைத்தது பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் குடியிருப்பில் நாலாவது மாடி. வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் குடிசையும் இல்லை. பையனுக்கு பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு. லாரியில் சாமான் ஏற்றிய அன்று நான் போய் நின்றேன். சாமான் என்ன, ஒரு அடுப்பு, ஒரு குடம், நான் கொடுத்த இரண்டு போர்வை, தலையில் கட்டி வந்த அந்தப் பை. அம்மாவைச் சுமந்த பையன் லாரியின் பின்னால் ஏறி உட்கார்ந்தான். எங்கள் தெருவிலிருந்து நான் மட்டுமே போயிருந்தேன். கரைக்காரர்கள் தோளில் ஏறி மாடிக்குப் போனவர்கள் எங்கள் தெருவில் இன்னும் நாலு வீட்டில் இருந்தார்கள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்று இத்தனை நாள் சொல்லிவந்தேன். கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் நிஜம். எங்கள் வீடுகளுக்குள்ளும் அதே ஆறுதான் வந்தது. எங்களை யாரும் காப்பாற்றுவதாகச் சொல்லி லாரியில் ஏற்றவில்லை.

பையன் அந்த மூன்று மாதமும் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறிச் சைதாப்பேட்டைப் பள்ளிக்கு வந்தான். தேர்வு நாட்களில் எங்கள் வீட்டில் தங்கினான். அம்மா அவனுக்கு இட்லி ஊற்றிக்கொடுத்தாள். அவன் அம்மாவால் வேலைக்கு வர முடியவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்ட நான் கொடுக்கிற காசு பஸ்ஸுக்கே போய்விடும். ஆகையால் மாதம் இரண்டு தடவை நான் போகிறேன், கட்டைப்பையில் முப்பது ஜாக்கெட்டோடு. அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இருவரும் வேலை செய்வோம். ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தெரியும். தென்சென்னை ஏரிகளின் உபரித் தண்ணீர் எல்லாம் அங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். முதல் நாளே அவள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதுவும் தண்ணி எடம்தான்க்கா."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். 3-ம் தேதி இரவிலிருந்து 4-ம் தேதி முழுக்க விடாமல் கொட்டியது. எங்கள் தெருவில் முட்டியளவு மழைத் தண்ணீர் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. பெரும்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் படகு விட்டிருக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். இரண்டு நாள் அவள் நம்பருக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன், கிடைக்கவில்லை. அம்மா இருந்திருந்தால் சாமி அறையை விட்டு வந்திருக்க மாட்டாள். மூன்றாம் நாள் காலை அவளே கூப்பிட்டாள்.

"நாங்க நல்லாத்தான் கீறோம்க்கா. கீழ இடுப்பளவு நிக்குது, மூணு நாளா எறங்கல. கரண்ட் இல்ல. பையன் ஆபீஸ்ல மாட்டிக்கினான், இன்னிக்கு வந்துடுவான். அது கெடக்கட்டும். அங்க ஆத்துல எவ்ளோ தண்ணி?"

"பார்க்கலையே."

"போய்ப் பாருக்கா."

தூறல் விடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். அவள் வீடு இருந்த இடத்தில் இப்போது இரும்பு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் செடி மண்டிக் கிடக்கிறது. ஒரு கம்பி வளைந்த இடத்தில் தலையை வைத்துப் பார்த்தால் அந்தத் தூண் தெரியும். அவள் சொல்லிக்கொடுத்ததுதான். பழைய கறைக்கு வெகு மேலே 2015-ன் கறை புதுக் கோடாகப் படிந்திருந்தது.

"பழைய கோடு தெரியுது. அதுக்குக் கீழதான் ஓடுது. ஒரு ஆள் உயரம் கீழ இருக்கும்."

"வேகமா போவுதா, நிக்குதா?"

"போகுது."

"அப்ப பயமில்ல, எறங்கிடும். நீ வீட்டுக்குப் போக்கா. மழையில நிக்காத."