சின்னத் தழும்பும் பெரிய காயமும்



கருப்பை அகற்றும் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்கள் எம் போன்ற மௌலவிமாரிடம் கேட்பது பெரும்பாலும் தொழுகையைப் பற்றித்தான். கசிகின்ற இரத்தம் ஹைழா? ருகூஃ செய்தால் தையல் விட்டுவிடாதா? வெட்கப்பட்டு, கணவரை அனுப்பிக் கேட்போரும் உண்டு. எந்த முறையில் சத்திரசிகிச்சை நடந்தது என்று நான் திருப்பிக் கேட்டால் அநேகருக்குத் தெரிவதில்லை. “ஒப்பரேஷன் செய்தார்கள்” என்பதோடு சரி.

முறைகள் மூன்று. வயிற்றைத் திறந்து செய்வது ஒன்று. அநேகமாக அடிவயிற்றில் குறுக்காக வெட்டுவார்கள். ஃபனென்ஸ்டீல் என்ற ஜேர்மனிய வைத்தியர் 1900இல் விவரித்த வெட்டு அது. கட்டி மிகப் பெரிதானால், அல்லது புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால், தொப்புளுக்குக் கீழே நெடுக்காக வெட்ட நேரிடும். இரண்டாவது, வயிற்றில் வெட்டே இல்லாமல் பிறப்பு வழியூடாக எடுப்பது. கருப்பை இறங்கிய பெண்களுக்குப் பெரிதும் இதுதான். மூன்றாவது, சிறு துவாரங்களிட்டு, கெமராவை உள்ளே விட்டுச் செய்வது. 1988இல் அமெரிக்க வைத்தியர் ஹெரி ரைச் இதனை முதலில் செய்தார்.

எங்கள் குடும்பத்திலேயே இருவருக்கு இரு விதமாக நடந்தது. என் ராத்தாவுக்கு வயிற்றைத் திறந்து செய்தார்கள். ஐந்தாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தபோது, நீண்ட தையலைப் பார்த்த எவரும் அவரை ஒரு கோப்பையைக்கூடத் தூக்க விடவில்லை. என் மனைவியின் தங்கைக்குத் துவார முறை. இரண்டாம் நாளே வந்துவிட்டார். தோள்பட்டையில் ஒரு குத்து வலி. வயிற்றை உப்பச் செய்ய ஏற்றும் வாயுவினால் வரும் அது, ஓரிரு நாளில் போய்விட்டது. வயிற்றில் நாலு சின்னப் பிளாஸ்டர்தான். இரண்டாம் வாரம் சமையல் அவர் கைக்கு வந்தது. மூன்றாம் வாரம் ஈரத்துணி வாளியைத் தூக்கினார். அன்றிரவு இரத்தப் போக்குடன் மீண்டும் வைத்தியசாலை. அல்ஹம்துலில்லாஹ், சில நாட்களில் தேறிவிட்டார்.

யாரும் கொடுமை செய்யவில்லை, சகோதரிகளே. தழும்பைப் பார்த்துக் காயத்தை அளந்தார்கள், அவ்வளவுதான்.

கருப்பையைக் கழுத்தோடு முழுமையாக எடுத்தால், பிறப்பு வழியின் மேல்முனையைத் தைத்து மூடுவார்கள். எம்முறையில் செய்தாலும் அந்தத் தையல் உள்ளே இருக்கும். அது ஆறுவதற்கு வாரங்கள் செல்லும். வெளித்துவாரம் சிறியது என்பதற்காக உள்தையல் விரைந்து ஆறுவதில்லை. அத்தையல் பிரிவது அரிதே. ஆனால் பிரிகின்றபோது, மற்ற இரு முறைகளையும் விடத் துவார முறையில்தான் அது அதிகம் நடப்பதாக வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்!

துவார முறையிலும் பிறப்பு வழி முறையிலும் வலி குறைவு, நடமாட்டம் சீக்கிரம் வரும் என்பது உண்மையே. வயிற்றைத் திறந்தால் முழுமையாகத் தேற ஆறு முதல் எட்டு வாரம் செல்லலாம். அதற்காகச் சின்ன வெட்டே வேண்டுமென்று வைத்தியரை நெருக்க வேண்டாம். துவார முறைக்கு நேரம் அதிகம். சிறுநீர்ப்பாதையில் காயம்படும் வாய்ப்பும் சற்றுக் கூட. எது பொருந்தும் என்பதை கருப்பையின் அளவும், நோயும், முன்பு செய்த சீசர்களும் தீர்மானிக்கும்.

ஓய்வு என்றால் பிள்ளை பெற்றவளைப் போல நாற்பது நாள் படுக்கையில் கிடத்துவதும் அல்ல. அப்படிக் கிடந்தால் காலில் இரத்தம் உறையும். முதல் நாளிலிருந்தே மெல்ல நடக்கத்தான் வேண்டும். இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் வராமல் தண்ணீரும் பப்பாசியும் நன்று. பாரம் தூக்குவதுதான் ஆகாது.

கணவர்மாருக்கும் ஒரு சொல். வைத்தியர் பரிசோதித்து அனுமதிக்கும்வரை, சுமார் ஆறு வாரம், தாம்பத்தியம் கூடாது. மனைவி சொல்லக் கூச்சப்படுவாள். இந்தப் பக்கத்தை அவர்களிடம் நீட்டிவிடுங்கள்.

இனித் தொழுகை. கருப்பை முழுமையாக நீங்கியபின் கசிவது காயத்தின் இரத்தம், ஹைழ் அல்ல. ஆகவே தொழுகை விடுபடாது. நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி மாற்றி, ஒவ்வொரு பர்ழுக்கும் வுழூ செய்து தொழவேண்டும். கருப்பையின் கழுத்தை விட்டுவைத்திருந்தால் மாதந்தோறும் சிறு கசிவு வரலாம்; அதன் சட்டம் வேறு. என்ன எடுத்தார்கள் என்று வைத்தியரிடம் அறிந்தபின் ஆலிமிடம் கேளுங்கள். குனிய இயலாவிட்டால் கதிரையில் இருந்து சைகையால் ருகூஃ, ஸுஜூத் செய்யலாம். மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு, நிற்க முடியாவிடில் இருந்தும், அதுவும் முடியாவிடில் சாய்ந்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தது ஸஹீஹுல் புகாரியில் வந்திருக்கிறது.

சிறு கசிவு சில வாரம் இருக்கலாம். இரத்தம் அதிகமாகப் போனாலோ, துர்நாற்றம், காய்ச்சல், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், இடைவிடாமல் நீர் ஒழுகுதல் கண்டாலோ, மூச்சுத் திணறினாலோ அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.