மாமாவை ஏன் இங்கே கூட்டிவந்தீர்கள்

ராணிப்பேட்டைப் பக்கம் எங்கள் சேரியில் பி.எஸ்ஸி. வேதியியல் படிக்கிற பெண் ஒருத்தி ஒரு தாளோடு வந்தாள். கோடை லீவில் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பயிற்சி, அதற்கு விண்ணப்பம். ஆர்வம் என்ன, எதை ஆராயப் போகிறாய், பின்னால் என்ன ஆகப் போகிறாய் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். "எழுதறவரு நீங்கதானே, எழுதிக் குடுங்கண்ணா" என்றாள்.

நான் எம்.ஏ. தமிழ். வேதியியல் எனக்குப் பிளஸ் டூவோடு சரி. ஆனாலும் என்ன எழுதணும் என்று எனக்குத் தெரியும் என்கிற நெனப்பு. அவளுடைய தாய்மாமன் டேனரிக் கழிவுத் தொட்டியில் இறங்கி, விஷவாயு அடித்துச் செத்தவர். முதல் வரியிலேயே அவரை வைத்தேன்.

படித்துப் பார்த்தாள். "மாமாவ ஏன்ணா இங்க இட்டாந்தீங்க?"

நம் சாவை நாமே மறைக்கலாமா என்று ஆரம்பித்தேன், மேடையில் பேசுகிற மாதிரி.

"மறைக்கலண்ணா. ஊர்த்தெருப் பையன் எழுதினா, கெமிஸ்ட்ரி புடிக்கும்னு எழுதுவான். அவனுக்கு அது போதும். நான் மட்டும் பொணத்தக் காட்டித்தான் உள்ள போவணுமா?"

சுருக்கென்றது. பொணத்தைக் காட்டி நானும் எத்தனையோ கூட்டத்தில் கைதட்டு வாங்கியவன்தான்.

சரி, உனக்கு என்னதான் பிடிக்கும் என்றேன். "நெறம் மாறுறது."

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. தோல் பதனிடப் போடுகிற குரோமியம் மூன்று இணைதிறன் உள்ளது, பச்சை. ஆறு இணைதிறன் உள்ளது வேறு. அது புற்றுநோய் கொடுப்பது. 1990களில் மூடிய ரசாயன ஆலை எங்கள் ஊரில் விட்டுப்போன கழிவில் இருப்பது அதுதான். "தண்ணி தெளிவாத்தாண்ணா இருக்கும். கொஞ்சம் ஆசிட் ஊத்தி, டைபினைல்கார்பசைடு ஒரு சொட்டு விட்டா ஊதாவாக் காட்டிக் குடுத்துடும்." அதைக் காகிதத்தில் தடவி, பம்ப்படியில் நிற்கிற பொம்பளைங்களே பார்க்கிற மாதிரி செய்யணுமாம். தண்ணீரில் இரும்பு இருந்தால் மஞ்சளடித்துக் குழப்பும். அதை எப்படி ஒதுக்குவது என்றுதான் தெரியவில்லை. அதற்குத்தான் லேப் வேணும். பிறகு ஜாம் பரீட்சை எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி.; அதற்குமேல் நெட், ஜே.ஆர்.எஃப். 2023 முதல் அதற்கு மாசம் 37,000 ரூபாய். டிரம் ஓட்டுகிற அவள் அப்பா அந்தப் பணத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

கிளம்பும்போது அவளே சொன்னாள்: "மயிர் உதிர்க்கச் சல்பைடு போடறாங்க இல்ல, அந்தத் தண்ணி ஆசிட் தண்ணியோட கலந்தா ஹைட்ரஜன் சல்பைடு வரும். காத்தவிடக் கனம், அடியில தங்கும். மொதல்ல அழுகுன முட்ட நாத்தம். அதிகமாச்சுன்னா மூக்கு மரத்துப்போயி நாத்தமே தெரியாது. நாத்தம் போயிடுச்சுன்னு நம்பித்தான் மாமா எறங்குனாரு. அத நீங்க எழுதுங்கண்ணா. தமிழ்ல எழுதுங்க, எறங்கறவங்க படிக்கட்டும்."

நான் எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அவளே அவள் பக்கத்தை எழுதி அனுப்பினாள். இன்னும் பதில் வரவில்லை.