பழகிரும்லா?

எங்க ஊர்ப் பக்கம் மூச்சிரைப்புக்கு டாக்டர் இன்ஹேலர் எழுதிக் குடுத்தா முதல் கேள்வி இதுதான்: "இது பழகிரும்லா?"

ஊர் ஆலங்குளம். திருநெல்வேலியில இருந்து தென்காசி போற ரோட்டுல இருக்கு. இந்தப் பக்கம் பொம்பளைங்களுக்குப் பீடி சுத்துறதுதான் கைத்தொழில். எங்க பெரியம்மையும் நாப்பது வருஷமா மடியில தட்டும் புகையிலைத் தூளுமா உக்காந்தவங்க. ஆஸ்துமா வேற. டாக்டர் ரெண்டு பம்பு குடுத்திருந்தார். பெரியம்மை கணக்கு இப்படி: "நீலம் அடிச்சா ஒடனே கேக்குய்யா. மத்தது அடிச்சா ஒண்ணுந் தெரியல. அத எதுக்கு வீணா?"

அந்த 'ஒடனே கேக்கு' எப்படி நடக்குதுன்னு தேடிப் படிச்சேன். அதுதாங்க இந்தப் பதிவு.

நீலப் பம்புல இருக்கிறது சல்பூட்டமால். நம்ம உடம்புல சுரக்கிற அட்ரினலின் ஹார்மோன் மாதிரியே நடிக்கும் மருந்து. வேடிக்கை என்னன்னா, இது மூச்சுக்குழாய்த் தசையோட செல்லுக்கு உள்ள நுழையறதே இல்ல. செல்லோட சவ்வுல ஏழு தடவை உள்ளயும் வெளியவுமா வளைஞ்சு கிடக்கிற ஒரு புரதம் இருக்கு. பீட்டா-2 ஏற்பி. அதுதான் வாசல். ஆள் வாசலோட நின்னுக்கும். வீட்டுக்குள்ள விளையாடிக்கிட்டிருக்கிற சின்னப் பய "யம்மா, ஆள் வந்திருக்கு"ன்னு அடுக்களைக்கு ஓடுவான் பாருங்க, அவன்தான் ஜி புரோட்டீன்.

சும்மா இருக்கும்போது அவன் கையில ஜிடிபி. ஆள் வந்ததும் அதைப் போட்டுட்டு ஜிடிபியை எடுத்துக்கிட்டு ஓடுவான்னு எழுதினா குழப்பம் வரும். முதல்ல உள்ளதில ரெண்டு பாஸ்பேட், அடுத்ததுல மூணு. ரெண்டு பாஸ்பேட்காரன் தூங்குவான், மூணு பாஸ்பேட்காரன் ஓடுவான், அவ்வளவுதான். அவன் போய்த் தட்டி எழுப்புற நொதி, 'சைக்ளிக் ஏஎம்பி'ங்கிற சின்ன மூலக்கூறை ஏராளமா செய்யும். அது பெருகப் பெருக இறுகிக் கிடந்த தசை தளரும், குழாய் விரியும், மூச்சு வரும். கொஞ்ச நேரத்துல பயலே மூணாவது பாஸ்பேட்டை வெட்டிட்டுத் திரும்பிருவான்.

இந்தக் கதைக்கு மூணு நோபல் பரிசு. சைக்ளிக் ஏஎம்பியைக் கண்டுபிடிச்ச சதர்லாண்டுக்கு 1971. ஜி புரோட்டீனுக்காக கில்மேன், ராட்பெல் ரெண்டு பேருக்கும் 1994. ஏற்பிகளுக்காக லெஃப்கோவிட்ஸ், கோபில்காவுக்கு 2012.

இனிமேத்தான் பெரியம்மை விஷயம். ஒரே ஆள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து கூப்பிட்டா வீட்டுக்காரன் என்ன செய்வான்? செல்லும் அதையே செய்யுது. ஓயாம தூண்டப்படுற ஏற்பி மேல ஒரு நொதி பாஸ்பேட் குறி வைக்கும். அரெஸ்டின்னு ஒரு புரதம் வந்து ஒட்டி, பயலைக் கிட்ட விடாது. அப்புறம் வாசலையே பேத்து உள்ள இழுத்துக்கும். அதே மருந்து, அதே அளவு, ஆனா பலன் குறையும்.

ஆக, ஊர்க்காரங்க கேள்வியில பாதி நியாயம் இருக்கு. பழகுறது மனுஷன் இல்லைங்க, வாசல். போதை மாதிரி பழக்கமும் இல்ல. இன்னொரு பக்கம், நீலப் பம்பு குழாயைத்தான் விரிக்குது. உள்ள இருக்கிற வீக்கத்தைத் தொடுறதே இல்ல. வீக்கத்தைக் குறைக்கிறது, 'ஒண்ணுந் தெரியாத' அந்த ஸ்டீராய்டு பம்பு. அது செல்லைப் புதுசா பீட்டா-2 ஏற்பிகளைச் செய்யவும் வைக்கும். மெதுவா வேலை செய்யுறதால கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்.

இது வெறும் கெமிஸ்ட்ரி இல்ல. உலக அளவுல ஆஸ்துமா வழிகாட்டு நெறிகளை வெளியிடுற ஜினா, 2019-ல இருந்து நீலப் பம்பு மட்டும் போதும்ங்கிற சிகிச்சையைப் பரிந்துரைக்கிறதில்ல. 200 தடவை அடிக்கிற பம்பு வருஷத்துக்கு மூணோ அதுக்கு மேலயோ காலியானா கடுமையான இரைப்பு வர்ற ஆபத்து கூடுது. 12-ஐ எட்டினா சாவுக்கான ஆபத்தே கூடுதுன்னு அது எச்சரிக்குது.

பெரியம்மைக்கு மாசம் ஒண்ணு காலியாச்சு. வாசல் கதையை அவங்க பாஷையில சொல்லி, மறுபடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். இப்ப ரெண்டும் ஒழுங்கா நடக்குது. "இப்பவும் ஒண்ணுந் தெரியலய்யா"ன்னு சொல்லிக்கிட்டே வாய் கொப்புளிக்கிறாங்க :-)

உங்க வீட்டுலயும் நீலப் பம்பு இருந்தா, போன வருஷம் எத்தனை வாங்கினீங்கன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. எந்தப் பம்பையும் நீங்களா கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.