ஒரு பழைய காரும் மூலப்பிரதியும்

பழைய காரை மீட்டெடுக்கிறேன் என்று சொல்கிறவர் எதிலிருந்து எதை மீட்கிறார்? காலத்திலிருந்து, என்று பதில் வரலாம். அப்படியானால் தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நிமிஷத்தில் கார் பூரணமாக இருந்தது, பின்னால் நடந்ததெல்லாம் வீழ்ச்சி, என்றாகிறது. இந்த நம்பிக்கை மோட்டார்க்காரர்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. இலக்கியச் சரித்திரம் எழுதுகிறவர்களிடமும் கோயில் திருப்பணி செய்கிறவர்களிடமும் இதைப் பார்க்கலாம். ஆனால் நான் இங்கே பேச வந்தது ஒரு காரைப் பற்றி மட்டும்தான். சென்ற நவம்பரில் இணைய ஏலம் ஒன்றில் நான் வாங்கிய, 1972-ல் செய்யப்பட்ட ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டு இருக்கை, மடக்கும் துணிக்கூரை, 1296 சி.சி. என்ஜின். இப்போது என் வீட்டுக் கொட்டகையில் நகராமல் நிற்கிறது.

நான் வசிக்கிற கோவென்ட்ரி நகரத்தில், கான்லி என்ற இடத்தில்தான் இந்த வண்டிகள் செய்யப்பட்டன. முதல் வண்டி 1962-ல் வந்தது. 1980-ல் உற்பத்தி நின்றது. உருவம் கொடுத்தவர் டூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலோட்டி. ஆனால் இந்த வண்டியை நான் தேடியதற்குக் காரணம் கோவென்ட்ரியும் அல்ல, டூரினும் அல்ல. இதன் அடிச்சட்டம் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கியது. அந்த ஹெரால்டுதான் சென்னைக்கு வெளியே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் செய்யப்பட்டது. அதற்கு நான்கு கதவு வைத்தது அங்கே மட்டும்தான். நான் தாம்பரத்தில் வளர்ந்தவன். முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும் பானெட்டை மெக்கானிக் கடைகளில் பார்த்திருக்கிறேன். சக்கரத்தின்மீது உட்கார்ந்துகொண்டு என்ஜினில் வேலை செய்வார்கள். ஸ்பிட்ஃபயரின் பானெட்டும் அப்படியே திறக்கும்.

இந்த வண்டி கழற்றிப் பூட்டக்கூடியதாக இருப்பதற்குக் காரணம் ஒரு வியாபார நெருக்கடி. ஐம்பதுகளில் மற்ற கார்க் கம்பெனிகள் அடிச்சட்டமும் உடலும் ஒன்றாக வார்த்ததுபோல் இருக்கும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் கம்பெனிக்கு உடல்தகடு செய்து கொடுத்துவந்த ஸ்தாபனத்தை 1953-ல் ஒரு போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லை. எனவே தகடுகளைப் பல இடங்களில் செய்வித்து, தனி அடிச்சட்டத்தின்மீது போல்ட் போட்டு மாட்டும் பழைய முறைக்கே ஹெரால்ட் திரும்பியது. அன்று பின்தங்கிய முறை. இன்று என்னைப்போல ஒருவன் கொட்டகையில் வைத்து இதைப் பிரிக்க முடிகிறதென்றால் அந்தப் பின்தங்கல்தான் காரணம். ஸ்பிட்ஃபயரே கிட்டத்தட்டப் பிறக்காமல் போயிருக்கும். மாதிரி வண்டி செய்யப்பட்டு, பணமில்லாமல் தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961-ல் கம்பெனியை வாங்கிய லேலண்டின் ஆட்கள் துணியை விலக்கிப் பார்த்துத்தான் உற்பத்திக்கு அனுமதித்தார்கள்.

இணையத்தில் பழைய கார் வாங்குவது ஒரு பிரதியைப் படிப்பதைப் போன்ற காரியம். ஏல அறிவிப்பில் இருபத்திரண்டு புகைப்படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் வண்டி சிவப்பாக, சற்று ஈரமாக இருந்தது. ஈரம் எந்தப் பெயின்டையும் மன்னித்துவிடும். இருபத்திரண்டில் பதினெட்டு வலப்பக்கத்திலிருந்து எடுத்தவை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவத் தகட்டை இங்கே சில் என்கிறார்கள். இடது சில் ஒரு படத்தில்கூட இல்லை. சொல்லாமல் விட்ட இடத்தில்தான் விஷயம் இருக்கும் என்பது கதை படிக்கிறவர்களுக்குப் பழக்கமான பாடம்.

இன்னொரு பிரதியும் கிடைத்தது. பிரிட்டனில் வாகனங்களுக்கு வருஷாந்திரத் தகுதிப் பரிசோதனை உண்டு. 2005 முதல் அதன் முடிவுகள் கம்ப்யூட்டரில் பதிவாகி, வண்டி எண்ணைக் கொடுத்தால் யாரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. என் வண்டியின் பக்கத்தை ஒரு ராத்திரி முழுக்கப் படித்தேன். 2009: இடது சில்லில் துரு, தோல்வி. பதினோரு நாள் கழித்துத் தேர்ச்சி. பதினோரு நாளில் யாரோ ஒருவர் எதையோ வைத்து ஒட்டியிருக்கிறார். 2013: அதே இடம், எச்சரிக்கை. 2016: அதே. ஓடிய தூரம் வருஷத்துக்கு ஐந்நூறு மைல், பிறகு முந்நூறு, பிறகு நாற்பது. 2018-ஓடு பதிவு நின்றுவிடுகிறது. அந்த மே மாதத்திலிருந்து நாற்பது வயது தாண்டிய வாகனங்களுக்குப் பரிசோதனை கட்டாயமில்லை என்று சட்டம் மாறியது. வண்டி நின்றுவிட்டதா, சாட்சி நின்றுவிட்டதா என்று அந்தப் பக்கம் சொல்லவில்லை.

இந்த என்ஜின்களுக்கு ஒரு பழைய நோய் உண்டு. கிராங்க் தண்டை முன்பின் நகராமல் பிடித்துவைக்கும் பிறைவடிவ வாஷர்கள் தேய்ந்து கீழே விழுந்துவிடும். கிளச்சை மிதிக்கும்போது முன்னால் இருக்கும் புல்லி கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் வியாதி முற்றிவிட்டது. விற்பவருக்கு எழுதி, ஒருவர் கிளச்சை மிதிக்க இன்னொருவர் புல்லியைப் படம் பிடித்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். மறுநாள் பன்னிரண்டு வினாடிப் படம் வந்தது. புல்லி அசையவில்லை. படத்தின் ஓரத்தில், டார்ச் பிடித்திருந்த ஒரு வயதான பெண்ணின் கை தெரிந்தது. 2,400 பவுண்டுக்கு ஏலம் எனக்கு விழுந்தது.

விற்றவர் அந்தப் பெண்மணிதான். கணவர் இறந்து ஐந்து வருஷமாகிறது. வண்டியை எடுக்கப் போனபோது, சாவியோடு ஒரு பள்ளிக்கூட நோட்டையும் கொடுத்தார். 1979-ல் வண்டியை வாங்கியதிலிருந்து 2018 வரை அவர் கணவர் எழுதியது. தேதி, மைல், செய்த வேலை, செலவு. வேறொன்றுமில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரே வரி: 'ட்ரன்னியன், எண்ணெய்.' முன்சக்கரங்கள் திரும்பும் முளைகள் அவை. கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் எண்ணெய்தான் போடவேண்டும். போடாவிட்டால் ஒருநாள் முளை முறிந்து சக்கரம் மடங்கும். நாற்பது வருஷம் தவறாமல் போட்டிருக்கிறார். 1984 ஜூனில் ஒரு வரி: 'சிவப்பு. இரண்டு பூச்சு.' 1991-ல்: 'கூரைத் தையல், எம்.' எம். என்பது அந்தப் பெண்மணி. வீட்டுத் தையல் மெஷினில் கூரையைத் தைத்ததாகச் சொன்னார். ஏன் சிவப்பு என்று கேட்டேன். தான் கேட்டதே இல்லை என்றார்.

அதற்கு முன் என்ன நிறம்? கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தொழிற்சாலைப் பதிவேடுகளை வைத்திருக்கிறது. பணம் கட்டினால் வண்டி செய்யப்பட்ட தேதி, நிறம், அனுப்பப்பட்ட இடம் ஆகியவற்றைச் சான்றிதழாகத் தருவார்கள். எனக்கு வந்ததில் நிறம் சாஃப்ரன் என்றிருந்தது. காவியல்ல, மஞ்சள். கதவு ரப்பரை விலக்கினால் கீழே அந்த மஞ்சள் இருக்கிறது.

வெல்டிங் செய்ய நான் அமர்த்தியிருப்பவர் தொழிலில் ஐம்பது வருஷம் கண்டவர். அவர் அபிப்பிராயம் தெளிவானது. சான்றிதழ் இருக்கிறது, நிறம் தெரிகிறது, முழுக்கச் சுரண்டி மஞ்சள் அடி, விலை இரட்டிக்கும். தவறான யோசனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1972-ன் காரை அடைய வேண்டுமானால் 1979 முதல் 2018 வரை ஒரு மனிதன் செய்ததையெல்லாம் கழிவாக எண்ண வேண்டும். கார் ஏழு வருஷம்தான் மஞ்சளாக இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, பன்னிரண்டு வருஷம். சிவப்பாக நாற்பது வருஷம். எது மூலம்?

இதே கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1929-லும் 1930-லும் லெ மான் பந்தயத்தில் வென்ற பென்ட்லி ஒன்று, பிறகு என்ஜினும் அடிச்சட்டமும் உடலும் மாறிமாறிக் கடைசியில் ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசப்பட்டது. இது அந்தக் காரே அல்ல என்று வாங்கியவர் பின்வாங்கினார். 1990-ல் லண்டன் நீதிபதி, பாகங்கள் பழையவை அல்ல என்பதை ஒப்புக்கொண்டு, அறுபடாத தொடர்ச்சி இருப்பதால் அந்தப் பெயர் அதற்கே உரியது என்று தீர்ப்பளித்தார். பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை நீண்டகாலம் இதற்கு எண்களால் விடை சொல்லிவந்தது. மாற்றிக் கட்டிய வண்டி பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ள எட்டுப் புள்ளி வேண்டும். அடிச்சட்டத்துக்கு ஐந்து. ஸ்டியரிங்குக்கு இரண்டு. என்ஜினுக்கு ஒன்றே ஒன்று. இருதயம், உயிர் என்றெல்லாம் நாம் சொல்லும் என்ஜினுக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு அவ்வளவுதான். நீதிபதி சரித்திரத்தைப் பார்த்தார், அலுவலகம் எலும்பைப் பார்த்தது. இருவரும் நிறத்தைப் பொருட்படுத்தவில்லை.

எதிர்ப்பக்கத்து மோகமும் உண்டு என்பதை மறக்கக்கூடாது. 2015-ல் பாரிஸ் ஏலம் ஒன்றில், பல பத்தாண்டுகள் கொட்டகைகளில் கிடந்த 59 கார்களைத் தூசி துடைக்காமல் விற்றார்கள். அவற்றில் ஒரு ஃபெர்ராரி ஒரு கோடியே அறுபது லட்சம் யூரோவுக்கு மேல் போனது. தூசிக்கும் விலை வைத்தாயிற்று. துருவை வணங்குவதும் பளபளப்பை வணங்குவதும் ஒரே ஜாதிப் பக்திதான். இரண்டிலும் கார் ஓட வேண்டியதில்லை.

எனக்கு வண்டி ஓட வேண்டும். அங்கிருந்து யோசித்தால் சில விஷயங்கள் தாமாகத் தெளிவாகின்றன. ஹெரால்டில் அடிச்சட்டத்துக்குப் பக்கச் சட்டங்கள் உண்டு. ஸ்பிட்ஃபயரில் அவற்றை நீக்கிவிட்டார்கள். அந்தப் பாரத்தைத் தாங்குவது சில்தான். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் வலுவுக்கு ஒன்று என்று ஒரு பக்கத்துக்கு மூன்று. 2009-ன் பதினோரு நாளில் வைத்த ஒட்டைக் குனிந்து பார்த்தேன். தகட்டின்மேல் தகடு, அதன்மேல் பட்டி, அதன்மேல் சிவப்பு. கவனமான கைவேலை. ஆனால் கீழே இரும்பே இல்லை. அவர் கையின் அடையாளம் என்று அதை வைத்திருந்தால் வண்டி நடுவில் மடியும். அது போகத்தான் வேண்டும். உடலை அடிச்சட்டத்திலிருந்து கழற்றாமல், கதவு வாசலில் இரும்புக் குறுக்குச் சட்டம் வெல்டு செய்து இறுக்கிவைத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தை வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் உடல் வளைந்து, பிறகு கதவு ஒருநாளும் சரியாகச் சாத்தாது.

கூரை விஷயம் இவ்வளவு சுலபமில்லை. தையல் ஒழுகுகிறது. ஒழுகும் தண்ணீர் தரைத்தகட்டில் தேங்குகிறது. தரை துருப்பிடித்தால் சில் துருப்பிடிக்கும். அந்த அம்மாளின் தையலைக் காப்பாற்றுவது வண்டியை அரிக்கும். புதுக்கூரைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பழையதை மடித்து மாடியில் வைப்பேன்.

பெயின்ட் எதையும் தாங்கவில்லை. அங்கேதான் நான் உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தோன்றும் அளவுகோல் ஒன்றுதான். சிவப்புக்குக் கீழே மஞ்சள் இருக்கிறது. சிவப்பை விட்டுவைத்தால் எனக்குப் பின்னால் வருகிறவன் அதைச் சுரண்டி மஞ்சளைத் தேடிக்கொள்ளலாம். நான் சுரண்டிவிட்டால் 1984 ஜூனின் இரண்டு பூச்சை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதே சிவப்பில் புதிதாக அடிக்கலாம். அது வேறு சிவப்பு. சுவடி பதிப்பிக்கிறவர்கள் தாங்கள் ஏற்காத பாடத்தையும் அடிக்குறிப்பில் விட்டுவைப்பது இதனால்தான். தங்கள் தீர்மானம் கடைசித் தீர்மானமாக இருக்க வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்துவதில்லை.

வெல்டருக்கு இது பிடிக்கவில்லை. புது சில்லின் நிறம் பழைய கதவோடு சேராது, ஒட்டுப்போட்டது பார்த்தவுடன் தெரியும் என்கிறார். தெரியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஒட்டு ஒட்டாகத் தெரிவதில் பொய் இல்லை. ஏப்ரலில் இடதுபக்கம் வெட்டுகிறோம். அதற்கு முன் ட்ரன்னியனுக்கு எண்ணெய் போட வேண்டும். அது ஏழு வருஷமாக விட்டுப்போயிருக்கிறது.