பவுடரா, பெயின்ட்டா?

பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நுழையும் முன், பூமியோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போகணும். பருத்தி உடைதான் போடணும். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் ஒரு பொறி விட்டால் போதும், முடிந்தது கதை.

பவுடர் கோட்டிங்கிலோ அதே நிலைமின்சாரம்தான் வேலைக்காரன்! மின்னேற்றிய பவுடரைத் துப்பாக்கியால் தூவினால், எர்த் செய்த இரும்பில் போய் அப்பிக்கொள்கிறது. பிறகு சுமார் 180, 200 டிகிரி அடுப்பில் உருகித் தோல் மாதிரி படிந்துவிடும். சரளைக்கல் தெறித்தாலும் லேசில் பெயராது.

வெம்பக்கோட்டையில் ஆலை வேலைக்குப் போகும் என் மச்சானுக்கு, துருப்பிடித்த பைக் சக்கரத்துக்கு இதைச் செய்ய ஆசை. ஆனால், அடுப்பில் வைக்க டயர், டியூப், பேரிங் எல்லாம் கழற்றணும். ஸ்போக்ஸ் கம்பிகளையும் பிரித்து, திரும்பக் கோத்து, கோட்டம் எடுக்கணும். எங்காவது பெயர்ந்து கரிசல் சேறு ஒட்டினால், மேலே பளபளப்பு, அடியில் துரு. பெயின்ட் என்றால் சுரண்டிவிட்டு நாமே தொட்டுக்கொள்ளலாம்.

காமர்ஸ் படித்த புத்தி, கூலியைவிட நாட்களைத்தான் கணக்குப் போட்டது. வண்டி கடையில் நின்றால் வேலைக்குப் போக முடியாது. போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது.

முதலில் ரிம்மை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தோம். உள்ளே இறங்கியிருந்தால் பவுடரும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம், புது ரிம்தான். நல்லவேளை, கெட்டியாக இருந்தது. உப்புத்தாள், பிரைமர், கறுப்பு எனாமல்... லீவு நாளில் முடித்துவிடலாம்.

பிரேக் டிரம்முக்குள் பெயின்ட் போகாமல் பழைய பேப்பரைச் சுற்றச் சொன்னேன்.

''நீங்க எழுதுற பத்திரிகையே கட்டுக்கட்டாக் கெடக்கு மாப்ளே!'' என்றார்.