திறக்காத இணைப்பு

2009 இல் இறக்காமத்தில் எங்கள் வீட்டிலிருந்தது விண்டோஸ் எக்ஸ்பி நிறுவிய பழைய கணினி. இணையம் தொலைபேசிக் கம்பி வழியே, 56கே மோடத்தில். ராத்தாவின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. இணைப்பைத் திறந்தால் விளங்காத குறியீடுகள்! எங்கே, எப்போது என்பதெல்லாம் அதற்குள்தான். "வைரஸ், மகன், தொட வேணாம்" என்றார் வாப்பா. நான் கோப்பின் நீட்சியைப் பார்த்தேன்: டொக்எக்ஸ். அது வேர்ட் 2007 இல் வந்த வடிவம். எங்களிடமிருந்தது வேர்ட் 2003. '97-2003' வடிவில் சேமித்து மீண்டும் அனுப்பும்படி எழுதினோம். மாலையே வந்தது, திறந்தது.

பதிலோடு சான்றிதழின் படத்தை அவுட்லுக் எக்ஸ்பிரஸில் அனுப்புவதுதான் பெரும்பாடு. மாணவர்களே, மின்னஞ்சல் முதலில் எழுத்துகளை மட்டுமே சுமந்தது. 1992 இல் வகுக்கப்பட்ட மைம் முறை படத்தையும் எழுத்துகளாக மாற்றி ஏற்றுகிறது. அப்போது 3 பைற்று 4 ஆகும். எனவே 3 மெகாபைற்றுப் படம் 4 மெகாபைற்று. மோடம் மேலேற்றும் வேகமோ செக்கனுக்கு ஆகக்கூடியது 33.6 கிலோபிற்று. கால் மணித்தியாலம் தாண்டும். இடையில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் மறுபடி முதலிலிருந்து! படத்தை பிட்மெப்பிலிருந்து ஜேபெக் ஆக மாற்றினேன். 200 கிலோபைற்றாகியது. உம்மா தேநீர் ஊற்றி முடிக்குமுன் போய்விட்டது.